ஒரு தட்டு என்றால் ஆமாம்

மாசி 4, ஞாயிறு

செய்தி வாசிக்கிற மாதிரி பேசினால்தான் இந்தப் போனுக்குப் புரிகிறது. வீட்டில் பேசுகிற மாதிரி ஆரம்பித்தால் எதையாவது எழுதித் தொலைக்கிறதாம். மாடியில் குடியிருக்கிற சிந்துஜா படித்துக் காட்டிச் சிரித்தாள். எனக்கு எழுதவும் வராது, படிக்கவும் வராது. ஆனால் ரேடியோச் செய்தி ஒரு ஆயுசுக்குக் கேட்டவன். அந்தப் பாஷையிலேயே பேசிவிட்டுப் போகிறேன். சிவப்புப் பொட்டைத் தொட்டால் ஆரம்பம், மறுபடி தொட்டால் முடிவு.

"உங்க மண்டைக்குள்ள இருக்கறதெல்லாம் எங்கியாச்சும் இருக்கோணும் அப்பாரு" என்று அவள்தான் இதை என் தலையில் கட்டினாள். தாத்தாவை எங்கள் பக்கம் அப்பாரு என்போம். மண்டைக்குள் இருப்பது பத்திரமாகத்தான் இருக்கிறது. என் மண்டிக்கு முதல் லோடு புண்ணாக்கு இறங்கிய அன்று மழை, லாரிக்காரன் பெயர் ஊமையப்பன், அவன் போட்டிருந்தது ஒரு கால் செருப்பு மட்டும். இதை எங்கே எழுதி வைத்தேன்?

மண்டி நின்றுபோய் நாலைந்து வருடமாகிறது. கணபதி என்கிற எங்கள் பகுதியில் இப்போது யார் மாடு வளர்க்கிறார்கள்? தகர ஷெட் சும்மா கிடந்தது. நான்கு பேர் வந்து பாட்டுப் பழகக் கேட்டார்கள். சிந்துஜா பாடுகிறவள். உடுமலைப் பெண், பகலில் பெரிய துணிக்கடையில் மைக்கைப் பிடித்து, எந்த மாடியில் என்ன தள்ளுபடி என்று சொல்கிற வேலை. ஷெட்டுக்கு மேலே ஒற்றை அறை இருந்தது, அதில் வாடகைக்கே வந்துவிட்டாள். ஜெபா டிரம்ஸ். முகுந்தன் கிடார், பேசமாட்டான். ஹபீப் தடித்த கம்பி கிடார். அவர்களுக்குத் தலைவன் என்று அவனே சொல்லிக்கொள்கிறான். சுவரில் பெயிண்டால் எழுதியிருந்ததைப் பார்த்துத் தங்கள் குழுவுக்கு 'புண்ணாக்கு' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். உருப்படாதவனைத் திட்டுகிற வார்த்தை ஆயிற்றே என்றேன். "அதுக்குத்தானுங்க ஓனரு" என்றான் ஹபீப்.

எட்டு மணிக்கு நிறுத்த வேண்டும் என்பது என் சட்டம். பக்கத்து வீட்டுப் பழனிவேல், மின்சார வாரியத்தில் ரிட்டயர்டு ஆனவர், ஒரு நிமிடம் கூடினாலும் போலீசுக்குப் போன் போடுவார். எட்டடித்ததும் தகரக் கதவில் குத்தி, "சாத்துங்கடா!" என்று கத்துவேன். தெருமுனை டீக்கடை வரை கேட்கும்.

பங்குனி ஒன்பதாம் தேதி பீளமேட்டில் பழைய மில் மைதானத்தில் போட்டி. இந்த ஊர் பாட்டுக் கோஷ்டிகளில் ஆறைப் பொறுக்கி எடுத்திருக்கிறார்கள். முதலில் வருகிறவர்கள் பெங்களூர் போய்ப் பாட்டுகளைப் பதிவு செய்யலாம். சிந்துஜா அதற்காகவே சோறு தின்கிறாள், அதற்காகவே தூங்குகிறாள்.

இன்று ஒன்று கவனித்தேன். 'தாழ்ப்பா' என்று ஒரு பாட்டு. அவள் கட்டியது. காகிதத்தில் எழுதமாட்டாள், நின்ற இடத்தில் வாயில் வருவதுதான் பாட்டு.

உள்ள யாரு? நானு.
வெளிய யாரு? நானு.
தாழ்ப்பா போட்டது யாரு?
அதுவும் நானு.

கடைசியில் "திற!" என்று ஒரு கத்தல் வரும். மேலே மேலே ஏறி, தகரமே அதிரும். இன்று பாதியில் அது உடைந்தது, ஈரக் கம்பை ஒடித்த மாதிரி. ஜெபா பலமாக அடித்துக்கொண்டிருந்தான், மற்றவர்களுக்குக் கேட்கவில்லை. எனக்குக் கேட்டது.

மாசி 5, திங்கள்

சிறுவாணித் தண்ணீர் வந்தது. தொட்டி நிறைந்தது. மத்தியானம் சோறு இறங்கவில்லை, மோரில் கரைத்துக் குடித்தேன். ரேஷன் அரிசி சரியில்லை.

மாசி 8, வியாழன்

இன்று அவள் 'திற' பக்கமே போகவில்லை. மைக்கை ஹபீப் முகத்துக்கு நேரே நீட்டிச் சிரித்தாள், விளையாட்டுப் போல.

"நானா பாடறேன்? பாடு புள்ள" என்றான் அவன்.

"கடைசி நாளைக்கு எடுத்து வெச்சிருக்கேன்டா."

எட்டு மணிக்குக் கதவில் குத்தினேன். கத்தவில்லை. தினமும் கத்த வேண்டும் என்று என்ன இருக்கிறது.

மாசி 10, சனி

காலையில் படியிறங்கி வந்தாள். நான் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்து காற்றாகப் பேசினாள், சத்தமே இல்லை.

"அப்பாரு, எனக்குக் கொரலு போயிட்டே இருக்குதுங்க."

"தெரியும் அம்மிணி."

"எப்புடித் தெரியும்?"

"ஞாயித்துக்கெழம ரெண்டாவது வாட்டி 'திற'ன்னப்ப ஒடஞ்சுது. வியாழக்கெழம ஏமாத்துன."

அவள் கண் கலங்கிவிட்டது. சுக்கு, மிளகு, சித்தரத்தை, வெதுவெதுப்பான உப்புத்தண்ணீர் எல்லாம் பார்த்துவிட்டாளாம். கடையில் எல்லோரிடமும் இப்படிக் கிசுகிசுத்தே ஒப்பேற்றுகிறாளாம், குரலை மிச்சம் பிடிக்க. ஹபீபுக்குத் தெரிந்தால் வேறு ஆளைப் போட்டுவிடுவான், சொல்லிப்போடாதீங்க என்றாள். தொண்டை டாக்டரிடம் துணைக்கு வரச் சொன்னாள்.

"நான் எதுக்கு? உங்கம்மாவக் கூப்புடு."

"அம்மா பாட்டையே விடச் சொல்லும். நீங்க ஒண்ணும் கேக்கமாட்டீங்க."

கேட்காமல் இருப்பது எனக்குப் பழக்கம்தான்.

மாசி 12, திங்கள்

டாக்டரம்மா சின்ன வயதுக்காரி. நீளக் குழாய் ஒன்றை மூக்கு வழியாக விட்டு, டிவியில் காட்டினாள். உள்ளே இரண்டு வெள்ளைக் கதவுகள் மாதிரி இருக்கிறது. மூச்சு விட்டால் திறக்கிறது, பேசினால் மூடுகிறது. மூடுகிற இடத்தில் இரண்டு பக்கமும் கடுகு போல முடிச்சு.

"பகல்ல மைக்கு, சாயங்காலம் டிரம்ஸுக்கு மேல கத்தறது. ரெண்டு கதவும் அடிச்சுக்கிட்டு அடிச்சுக்கிட்டுக் காச்சுப்போயிருக்கு. இதுல கிசுகிசுன்னு வேற பேசிருக்கீங்க. அது கத்தறத விடக் கெடுதல்."

சிந்துஜா என்னைப் பார்த்தாள். மிச்சம் பிடிப்பதாக நினைத்துச் செலவழித்திருக்கிறாள்.

இரண்டு வாரம் வாயே திறக்கக் கூடாது. ஒரு சொல், ஒரு முனகல் கூடாது. சொன்னபடி இருந்தால் முடிச்சு கரையலாம், பாடலாம். இல்லாவிட்டால் ஆபரேஷன். அதன் பிறகு குரல் எப்படி வரும் என்று இப்போது சொல்ல முடியாது.

"போட்டி இருக்குதுங்க டாக்டர்" என்றாள்.

"அதுதான் நீங்க பேசற கடைசி வார்த்தையா இருக்கட்டும்" என்றாள் அந்த அம்மா.

பஸ்ஸில் வரும்போது ஜன்னலைப் பார்த்தபடியே வந்தாள். இடது காதுக்குள் குத்துகிறது. ஜன்னல் காற்று.

மாசி 13, செவ்வாய்

ஒரு பொய் சொல்லியிருக்கிறோம். அதைச் சொல்லவே நாக்குக் கூசுகிறது.

நண்பர்களுக்கும் துணிக்கடைக்கும் அவள் போனில் எழுதி அனுப்பிவிட்டாள்: அம்மை போட்டிருக்கிறது, யாரும் வர வேண்டாம். என்னிடம் வந்து வேப்பமரத்தைக் கையால் காட்டினாள். நான் மாட்டேன் என்றேன். மாரியம்மன் பேரில் பொய் சொல்வார்களா? கோனியம்மனுக்குத் தேர் நெருங்குகிற மாசத்தில்? கையெடுத்துக் கும்பிட்டாள். பிறகு நானே ஒடித்து, படிக்கதவில் செருகினேன். கொத்து வாடி வதங்கி நிஜம் போலவே தொங்குகிறது.

வேப்பிலையைப் பார்த்ததும் ஜெபா மூன்றடி பின்னால் போனான். கிறிஸ்தவன். அவனுக்கே அந்தப் பயம்.

மேலே இருந்து அவள் என்னைக் கூப்பிட வேண்டுமே, அதற்கு ஒரு வழி செய்தோம். தரையில் தட்டுவாள். ஒரு தட்டு என்றால் ஆமாம். இரண்டு தட்டு என்றால் இல்லை. ரசம் வேண்டுமா என்று கீழே இருந்து கேட்டேன். ஒரு தட்டு. அப்பளம்? இரண்டு. இத்தனை நாள் பேசியதைவிட இது சீக்கிரம் முடிகிறது.

மாசி 16, வெள்ளி

ஹபீப் வேறு ஒரு பெண்ணைக் கூட்டி வந்திருக்கிறான். ஷெர்லி என்று பெயர். காந்திபுரத்தில் ஏதோ குழுவில் பாடுகிறவளாம். "சும்மா, சிந்துக்கு ஒடம்பு செரியாகற வரைக்குமுங்க" என்றான் என்னிடம். நான் கேட்கவே இல்லையே.

நல்ல பெண். குரலும் குறை சொல்ல முடியாது. அதுதான் சங்கடம். மேலே ஒரு சத்தமும் இல்லை. நடக்கிற சத்தம்கூட இல்லை.

'தாழ்ப்பா'வில் மூன்றாவது சரணம் யாருக்கும் வரவில்லை. ஹபீப் வெளியே வந்தான்.

"ஓனரு, மூணாவது என்னுங்க? உங்களுக்குத் தெரியுமே."

"எனக்கென்ன தெரியும். மறந்துபோச்சு."

"உங்களுக்கு? என்னோட பழைய வண்டி நம்பரச் சொன்னவரு நீங்க. எங்க தாத்தா வீட்டுக் கல்யாணத்துக்குப் போட்ட பந்தலு எந்தப் பக்கமாச் சாஞ்சுதுன்னு சொன்னவரு."

"வயசாச்சப்பா."

அவன் என்னையே பார்த்தான். நான் வாசல் தெளிக்கப் போய்விட்டேன், மாலை நேரத்தில்.

மாசி 17, சனி

கஞ்சி கொண்டுபோனேன். அவள் போனில் எதையோ எழுதி என் முன்னால் நீட்டினாள். எனக்கு எங்கே தெரியும். பிறகு அவளே ஏதோ செய்தாள், போன் ஒரு பெண் குரலில், பஸ் ஸ்டாண்டில் அறிவிப்புச் சொல்கிற மாதிரி சொன்னது: "அப்பாரு. மூன்றாவது சரணத்தைச் சொல்லிக் கொடுங்கள்."

"அது உன்ற பாட்டு. அதையுங் குடுத்துப்போட்டா அந்தப் புள்ளையே மேடைக்கு ஏறிக்கும்."

தட்டினாள், கட்டில் சட்டத்தில். ஒன்று.

"தெரிஞ்சேதான் சொல்றியா?"

ஒன்று. அது பலமாக விழுந்தது. திரும்பிச் சுவர்ப் பக்கம் படுத்துக்கொண்டாள்.

மாலையில் ஹபீபிடம் சொல்லிக் கொடுத்தேன்.

சாவி தேடிக் கை வலிக்குது.
சாவியே இல்லடி, அது வெறும் கொக்கி.
தூக்கு.

'கொக்கி' என்கிற இடத்தில் என் சத்தம் நின்றுவிட்டது. கனைத்துவிட்டு மறுபடி சொன்னேன்.

"என்னங்க ஓனரு, தொண்டை?"

"புண்ணாக்குத் தூசி."

"மண்டிய மூடி எத்தன வருசமாச்சு!"

"தூசி எங்க போகும்" என்றேன்.

மாசி 19, திங்கள்

டாக்டரம்மா பார்த்துவிட்டு, முடிச்சு சுருங்கியிருக்கிறது என்றாள். சிந்துஜா என் கையைப் பிடித்து நசுக்கினாள். அவளால் பேச முடியாதல்லவா, கேள்விகளுக்கு நான்தான் பதில். தண்ணீர் குடிக்கிறாளா, தூங்குகிறாளா, காரம் சாப்பிடுகிறாளா. எல்லாவற்றுக்கும் சொன்னேன்.

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்தினாள். "பெரியவரே, உங்க கொரல் எவ்வளவு நாளா இப்படி இருக்கு?"

"இப்புடித்தானுங்க. பொறந்ததுல இருந்தே."

"முழுங்கறப்ப ஏதாச்சும்?"

"ஒண்ணுமில்லீங்க. நல்லாச் சாப்புடறேன்."

அப்போதுதான் அது நடந்தது.

"பொய்யி" என்றாள் சிந்துஜா.

கரகரவென்று, துருப்பிடித்த கீல் மாதிரி. ஒரு வாரமாகப் பூட்டி வைத்திருந்த குரல்.

"பொய் சொல்றாருங்க டாக்டர். தீவாளிக்கு முன்னால இவரு கத்துனா டீக்கடைக்குக் கேக்கும். இப்பக் கதவ மட்டும் குத்தறாரு. சோறே திங்கறதில்ல, கஞ்சியத்தான் குடிக்கறாரு. காதப் புடிச்சுட்டே உக்காந்திருக்காரு."

"அம்மிணி, பேசாத!" என்றேன்.

"நீங்க பேசலீல்ல, அப்ப நாந்தான் பேசோணும்!"

டாக்டரம்மா இரண்டு பேரையும் அதட்டினாள். பிறகு சிந்துஜா எழுந்த நாற்காலியில் என்னை உட்கார வைத்தாள். குழாய் வந்தது. நான் டிவியைப் பார்க்கவில்லை. சிந்துஜா பார்த்தாள். அவள் முகத்தை நான் பார்த்தேன், அதுவே போதும்.

சதையில் துணுக்கு எடுத்துப் பரிசோதிக்க வேண்டுமாம். அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்கிறாள். அவள் பேசிய பேச்சுக்குத் தண்டனையாக மௌனம் இன்னும் ஒரு வாரம் கூடியது. போட்டிக்கு நெருக்கி வந்துவிட்டது. பாடிப் பார்க்க நாளே இருக்காது. அன்று பாடத் தாங்குமா என்பதையும் அந்த அம்மா உறுதியாகச் சொல்லவில்லை.

எனக்காக யாரையும் எதையும் செலவழிக்கச் சொல்லவில்லை நான்.

மாசி 21, புதன்

கோனியம்மன் தேர். போகவில்லை. எந்த முகத்தோடு போவது.

மாசி 24, சனி

வெடித்தது.

பழனிவேல் திங்களன்று ஆஸ்பத்திரிக்குச் சர்க்கரை பார்க்கப் போனவர், எங்களைப் பார்த்திருக்கிறார். இன்று வந்து ஹபீபிடம், "அம்மை போட்ட புள்ள மூஞ்சியில ஒரு தழும்பு இல்லியேப்பா" என்று சொல்லிவிட்டார். அந்த மனுஷருக்கு ஃபியூஸ் பிடுங்கியே பழக்கம்.

ஹபீப் வேப்பங்கொத்தைப் பிய்த்து எறிந்துவிட்டு மேலே ஏறினான். ஜெபாவும் முகுந்தனும் பின்னால். நான் அவர்களுக்குப் பின்னால். முட்டி இடம் கொடுக்கவில்லை.

"மூணு வருசம்! மூணு வருசம் ஒண்ணாத் தின்னு ஒண்ணாப் பாடியிருக்கறோம்... எங்ககிட்டச் சொல்றதுக்கென்ன புள்ள? பேசு!"

அவள் வாயில் கை வைத்தாள்.

"என்ன நாடகம் இது?"

நான் நடுவில் புகுந்தேன். "தம்பி, டாக்டரு பேசக் கூடாதுன்னு சொல்லிருக்குது. தொண்டையில முடிச்சு. பேசுனா ஆபரேசன். அவ என்ன பண்ணுவா, நீங்க..." அதற்கு மேல் வரவில்லை. வாய் அசைகிறது, சத்தம் இல்லை. காற்று மட்டும் வந்தது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பாடுகிறவளுக்கும் பேச்சில்லை, அவளுக்காகப் பேச வந்தவனுக்கும் பேச்சில்லை.

ஜெபாதான் முதலில் கீழே உட்கார்ந்தான். அவள் என்னைக் காட்டி, சுவரில் ஒரு தட்டு, இரண்டு தட்டு தட்டி, தலையை மேலும் கீழும் பக்கவாட்டிலும் ஆட்டிக் காண்பித்தாள். அவனுக்குப் புரிந்துவிட்டது. தாளக்காரன் அல்லவா.

"நாங்க வேற ஆளப் போட்டுருவோம்னு பயந்துட்டியா?" என்றான்.

ஒரு தட்டு.

ஹபீப் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"போட்டுட்டமே" என்றான் மெதுவாக. பிறகு, "நீயும் கேட்டுட்டே இருந்திருக்க, மேல இருந்து. கோவமா?"

இரண்டு தட்டு. சற்று நேரம் கழித்து ஒரு தட்டு. முகுந்தன் சிரித்துவிட்டான். அவன் சிரித்து இதுவரை நான் பார்த்ததில்லை.

மாசி 27, செவ்வாய்

ஹபீப் வண்டியில் கூட்டிப் போனான். துணுக்கு எடுத்தார்கள். திரும்பும்போது இளநீர் வாங்கிக் கொடுத்தான். "பெருசா ஒண்ணும் இருக்காதுங்க" என்று மூன்று தரம் சொன்னான். ஒரு தரம் சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன்.

பங்குனி 1, வெள்ளி

ஷெர்லி தானாகவே விலகிக்கொண்டாள். "அவ பாட்டு அவளுக்கு. அன்னிக்கு முடியாமப் போனாக் கூப்புடுங்க, கீழ நிப்பேன்" என்றாள். போகும்போது மேலே பார்த்துக் கையை ஆட்டினாள்.

ஜெபா டிரம்ஸ் மேல் என் பழைய போர்வையை விரித்து அடிக்கிறான். கல்யாண வீட்டுக்கு அடுத்த தெருவில் நிற்கிற மாதிரி கேட்கிறது. பழனிவேல் வந்து, "ஏன் சத்தமே காணோம், எல்லாரும் நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

பங்குனி 4, திங்கள்

முடிச்சு இல்லை. சுவடு மட்டும் இருக்கிறது. பேசலாம். பாடலாம், தாழ்ந்து. கத்தல் கூடாது. கத்தினால் ஒரே இரவில் பழையபடி ஆகிவிடும் என்று டாக்டரம்மா விரலை ஆட்டிச் சொன்னாள்.

வெளியே வந்து முதல் வார்த்தையாக, "அப்பாரு, பசிக்குதுங்க" என்றாள்.

மாலையில் சண்டை. கத்தாமல் 'தாழ்ப்பா' இல்லை, அந்தப் பாட்டை விட்டுவிடலாம் என்று ஹபீப். அதைப் பாடாவிட்டால் மேடையே வேண்டாம் என்று இவள். கத்தினால் ஜெயிக்கலாம் என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. "அந்த எடத்துக்கு வந்தா நான் பாத்துக்கறேன்" என்று முடித்தாள். எப்படி என்று சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பயம். மேடையில் வெளிச்சமும் கூட்டமும் ஏறினால் அவள் தன்னை மறந்துவிடுவாள்.

பங்குனி 8, வெள்ளி

தனியாகப் போனேன். டாக்டரம்மா சொன்னாள். நாளை பாட்டு முடியட்டும்.

"என்னுங்க அப்பாரு, என்ன சொன்னாங்க?" என்று படியிலேயே மறித்தாள்.

"ரிசல்ட்டு வரலியாம் அம்மிணி. திங்கக்கெழம வரச் சொன்னாங்க."

என் கண்ணைப் பார்த்தாள். நான் துவைத்த துணியைக் கொடியில் போட்டேன். ஒரு வேட்டியை இரண்டு தரம் உதறினேன்.

பங்குனி 9, சனி

மைதானம் நிறைந்திருந்தது. எனக்கு முன்வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக் கொடுத்தான் ஜெபா. பக்கத்தில் பழனிவேல். காதில் பஞ்சு வைத்துக்கொண்டு வந்திருந்தார், ஆனாலும் வந்திருந்தார்.

நான்காவதாக இவர்கள். 'புண்ணாக்கு' என்று மைக்கில் சொன்னதும் கூட்டம் சிரித்தது. கறுப்புச் சட்டையில் அவள் வந்து நின்றதும் பின்னாலிருந்து யாரோ, "எருமைக்கா பசுவுக்கா?" என்று கத்தினான். "உனக்குத்தான் கண்ணு, வாயத் தொற" என்றாள். கூட்டம் அவள் பக்கம் வந்துவிட்டது.

முதல் பாட்டு நன்றாகப் போயிற்று. அடுத்தது 'தாழ்ப்பா'. நாற்காலிக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். உள்ளே யாரு, வெளியே யாரு. குரல் தாழ்ந்து, அடித் தொண்டையில் சூடாக வந்தது. சாவி, கொக்கி, தூக்கு. கிடார் ஏறுகிறது. ஜெபா ஏறுகிறான். ஏற ஏறக் கூட்டம் எழுந்து நிற்கிறது. அந்தப் பாட்டு தெரிந்தவர்கள் கத்தலுக்காகக் காத்திருக்கிறார்கள். அவள் தலையைப் பின்னால் சாய்த்தாள். கழுத்து நரம்பு புடைத்தது. போயிற்று, கத்தப் போகிறாள் என்று நான் எழுந்துவிட்டேன்.

அவள் என்னைப் பார்த்தாள்.

கையை உயர்த்தினாள். எல்லா வாத்தியமும் வெட்டி நின்றது. மைதானத்தில் ஒரு சத்தமில்லை. பக்கத்துச் சாலையில் பஸ் போகிறது, அது கேட்கிறது. யாரோ ஒருவன் விசிலடித்தான், அவனும் நிறுத்திக்கொண்டான். அவள் மைக்கின் தலையில் விரலால் தட்டினாள். ஒரே ஒரு தட்டு. அந்தப் பெரிய ஒலிபெருக்கியில் அது யாரோ வீட்டுக் கதவைத் தட்டுகிற மாதிரி விழுந்தது.

பிறகு பேசுகிற குரலில், ரசம் வேண்டுமா என்று கேட்கிற குரலில், "திற" என்றாள்.

பழனிவேல் காதிலிருந்து பஞ்சை எடுத்துவிட்டார்.

இரண்டாம் இடம்தான் கிடைத்தது. பெங்களூர் இல்லை. தீர்ப்புச் சொன்னவர்களில் ஒருவர், அந்த இடத்தில் இன்னும் வீரியம் இருந்திருக்கலாம் என்றாராம். ஹபீப் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தான். "வீரியமாம். கடசில அவுரு வாயப் பொளந்துட்டு உக்காந்திருந்தத நான் பாத்தேன்." பாட்டுப் பெட்டிகளை வண்டியில் ஏற்றியதும் சிந்துஜா என் முன்னால் வந்து நின்றாள்.

"பாட்டு முடிஞ்சுதுங்க. இப்பச் சொல்லுங்க. நேத்தே ரிசல்ட்டு வந்துருச்சல்ல?"

வேட்டியை இரண்டு தரம் உதறியிருக்கக் கூடாது.

நாற்காலிக் கையில் ஒரு தட்டு தட்டினேன்.

பங்குனி 10, ஞாயிறு

திருப்பூரிலிருந்து மகன் நாச்சிமுத்து வந்தான். புற்று. குரல் பெட்டியை முழுசாக எடுக்க வேண்டும். எடுத்தால் உயிர் தங்கும் என்கிறார்கள். கழுத்தில் ஒரு ஓட்டை, மூச்சுக்கு. பேச்சு இருக்காது. பின்னால் ஏதோ கருவி இருக்கிறதாம். நாச்சிமுத்து அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தான்.

எனக்கு எழுதத் தெரியாது. மகன் அதை நினைக்கவில்லை. சிந்துஜா நினைத்தாள் என்று அவள் உட்கார்ந்திருந்த விதத்தில் தெரிந்தது.

பங்குனி 13, புதன்

ஷெட்டில் மைக் முன்னால் என்னை நிறுத்தினார்கள். 'தாழ்ப்பா'வை அவர்களே பதிவு செய்யப் போகிறார்களாம், இங்கேயே, பெங்களூர் எதற்கு என்று. கடைசியில் என் சத்தம் வேண்டுமாம்.

"எனக்கெங்கப்பா பாடத் தெரியும்?"

"பாட வேண்டாமுங்க ஓனரு. எட்டு மணிக்குக் கத்துவீங்கல்ல, அது."

முதல் தரம் காற்றுதான் வந்தது. இரண்டாம் தரம் இருமல். ஹபீப் போதும் என்றான். சிந்துஜா மட்டும் போதும் என்று சொல்லவில்லை. "நாளைக்கு எடுத்து வெக்காதீங்க அப்பாரு. இருக்கறத எறக்குங்க" என்றாள். எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியாத கோபம். கதவில் குத்தினேன்.

"சாத்துங்கடா!"

டீக்கடையில் கேட்டதாம். மாஸ்டர் எட்டிப் பார்த்திருக்கிறார். பழனிவேல் மதில்மேல் தலை நீட்டி, "மணி ஆறுதானே ஆகுது?" என்றார்.

பங்குனி 17, ஞாயிறு

ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து பேசுகிறேன். நாளைக் காலை ஆபரேஷன். இன்று பேசியதில் பாதி இந்தப் போனுக்குப் புரியவில்லை, திரும்பத் திரும்பச் சொல்ல வைக்கிறது. பரவாயில்லை, அதற்கும் இன்று கடைசி.

சொல்ல நிறைய இருக்கிறது என்று நினைத்தேன். ஊமையப்பனின் மற்றொரு செருப்பு எங்கே போயிற்று என்பதுகூட எனக்குத் தெரியும். சொல்லத் தோன்றவில்லை. உள்ளேயே இருக்கட்டும்.

மத்தியானம் எல்லோரும் வந்தார்கள். ஜெபா ஜெபம் செய்தான். முகுந்தன் சாத்துக்குடி உரித்து, நான் சாப்பிட முடியாது என்பது நினைவு வந்ததும் தானே தின்றான். ஹபீப், "டிஸ்சார்ஜ் ஆயிட்டா எட்டு மணிக்குக் கதவக் குத்தோணுமுங்க, கத்தலு எங்ககிட்ட இருக்குது" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நின்றுகொண்டான். எல்லோரும் போன பிறகு நாச்சிமுத்து மருந்து வாங்கப் போனான். சிந்துஜா மட்டும் இருந்தாள். இந்தப் போனைத் துடைத்துக் கொடுத்தாள்.

"அப்பாரு, பயமா இருக்குதுங்களா?"

வாயால் சொல்ல இன்னும் முடியும். ஆனால் கட்டில் கம்பியில் தட்டினேன். இரண்டு தட்டு.

அவள் போகவில்லை. ஸ்டூலை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். வராந்தாவில் யாரோ தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு போனார்கள். அந்தச் சத்தம் ஓய்கிற வரை இரண்டு பேரும் கேட்டுக்கொண்டிருந்தோம்.

பிறகு ஒரு தட்டு தட்டினேன்.